காலையில் எஸ்சிட்டலோப்ராம், இரவில் குளோனசெப்பம்: இரண்டும் மூளையில் என்ன செய்கின்றன?

பாலாற்றங்கரை:
அனைவருக்கும் வணக்கம். அறுபதைக் கடந்த என் தாயார் சில மாதங்களாகவே உறக்கமின்றியும், காரணமே இல்லாத பதற்றத்தோடும், எதிலும் நாட்டமில்லாமலும் இருந்துவந்தார். மனநல மருத்துவர் காலையில் எஸ்சிட்டலோப்ராம் (முதல் வாரம் 5 மி.கி., பிறகு 10 மி.கி.), இரவில் குளோனசெப்பம் 0.25 மி.கி. என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இரவு மாத்திரை முதல் நாளே உறங்க வைத்துவிட்டது. காலை மாத்திரையால் இதுவரை கண்ட பலன் குமட்டல் மட்டுமே. ஆனால் மருத்துவரோ, வேலை செய்கிற மாத்திரையைச் சில வாரங்களில் படிப்படியாக நிறுத்திவிடலாம் என்றும், வேலை செய்யாததுபோல் தெரிகிற மாத்திரையை மாதக்கணக்கில் தொடர வேண்டும் என்றும் சொல்கிறார். “மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்துவிட்டது, மாத்திரை அதை ஈடுகட்டுகிறது” என்று உறவினர் ஒருவர் விளக்கினார். ஈடுகட்டுவதற்கு இத்தனை வாரங்கள் ஏன் என்று அம்மா கேட்கிறார். எனக்கு விடை தெரியவில்லை.

மருந்தியலார்:
இரவு மாத்திரையின் கதை எளியது. குளோனசெப்பம், 1963-இல் விற்பனைக்கு வந்த டயாசெப்பத்தின் உறவுக்கார மருந்து. மூளையில் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் முதன்மையான வேதிப்பொருள் காபா. நரம்பணுவில் அது வந்து அமரும் புரதமான ஏற்பியிலேயே, ஆனால் வேறோர் இடத்தில், இம்மருந்து ஒட்டிக்கொண்டு, குளோரைடு அயனிகள் உள்ளே நுழையும் வாயில் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. அதனால் நரம்பணு எளிதில் தூண்டப்படுவதில்லை. பதற்றம் ஒரு மணி நேரத்துக்குள் தணிகிறது. தொடர்ந்து எடுத்தால் ஏற்பிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. பிறகு அதே அளவு போதாமல் போகலாம், திடீரென்று நிறுத்தினால் பதற்றம் முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். முதியவர்களுக்கு நடைத் தள்ளாட்டம், கீழே விழுதல், மறதி ஆகிய சிக்கல்களும் உண்டு. உங்கள் மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்ததற்கு இதுவே காரணமாக இருக்கும்.

காலை மாத்திரையும் சும்மா இருக்கவில்லை. ஒரு நரம்பணு வெளியிட்ட செரட்டோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதத்தை எஸ்சிட்டலோப்ராம் சில மணி நேரத்திலேயே அடைத்துவிடுகிறது. வழக்கமான அளவுகளில் இக்கடத்திகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு அடைபடுவதை, மூளையைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் செரட்டோனினை அனுப்பும் நரம்பணுக்கள் கூடியிருக்கும் மூளைத்தண்டுப் பகுதியில், தம் சொந்தச் சுரப்பையே உளவு பார்க்கும் ஏற்பிகளும் இருக்கின்றன. செரட்டோனின் மிகுந்துவிட்டது என்று கண்டதும் அவை அந்த நரம்பணுக்களின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. இந்த ஏற்பிகள் உணர்விழந்து அடங்குவதற்கு இரண்டு, மூன்று வாரங்கள் பிடிக்கின்றன என்பது தாமதத்துக்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம்.

நரம்பிணைப்புகள் புதிதாகத் தழைப்பதற்கு ஆகும் காலம் என்பது இன்னொரு விளக்கம். நினைவுக்கு உதவும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்பு வளர்ச்சிக் காரணிகள் கூடுவதும் புதிய அணுக்கள் தோன்றுவதும் எலிகளில் தெளிவாகக் காணப்பட்டுள்ளன. இதே வகையைச் சேர்ந்த புளுவோக்செட்டின் உள்ளிட்ட மருந்துகள் இவ்வளர்ச்சிக் காரணிகளில் ஒன்றுக்கான ஏற்பியிலேயே நேரடியாக ஒட்டுகின்றன என்று ஹெல்சிங்கி பல்கலைக்கழகக் குழு 2021-இல் கண்டறிந்தது. என்னைக் கேட்டால், மருந்து செய்வது தொடக்கம்தான். அதற்கு ஈடுகொடுத்து மூளை தன்னை மாற்றிக்கொள்வதே சிகிச்சை, அந்த மாற்றத்துக்குத்தான் வாரங்கள் தேவைப்படுகின்றன.

குமட்டலைப் பற்றியும் ஒரு சொல்: உடலிலுள்ள செரட்டோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில்தான் இருக்கிறது, அங்கும் மருந்து வேலை செய்வதால்தான் குமட்டல். பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரங்களில் குமட்டல் அடங்கிவிடும். உணவுக்குப் பின் மாத்திரையை எடுக்கச் சொல்லுங்கள்.

பழையஏடு:
உறவினர் சொன்ன ‘குறைபாட்டு’ விளக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில், காசநோய்க்காக ஐப்ரோனியசிட் கொடுக்கப்பட்டவர்கள் எதிர்பாராத உற்சாகம் பெற்றார்கள். அம்மருந்து செரட்டோனின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது தெரியவந்தது. மறுபுறம், நம் நாட்டுச் சர்ப்பகந்தாவிலிருந்து எடுத்து இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட ரெசர்பின் அதே பொருள்களை வற்றச் செய்தது. அதை உட்கொண்டவர்களில் சிலர் சோர்வில் விழுந்ததாகக் குறிப்புகள் வந்தன. இரண்டையும் முடிச்சுப்போட்டு 1960களில் கருதுகோள்கள் எழுந்தன. பின்னாளில் மருந்து விளம்பரங்கள் கருதுகோளை உண்மையாகவே ஆக்கிவிட்டன.

மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரட்டோனின் குறைந்திருப்பதற்கு நிலையான சான்று இல்லை என்று 2022-இல் லண்டன் ஆய்வாளர்கள் தொகுத்துக் காட்டினார்கள். ‘அப்படியானால் மாத்திரையே ஏமாற்று’ என்று பலர் கிளம்பியது எனக்கு ஏற்புடையதல்ல. 21 மருந்துகளைப் பற்றிய 522 ஆய்வுகளை ஒருங்கே அலசி 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, எல்லாமே மருந்துப்போலியைவிடக் (மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக்) கூடுதல் பலன் தந்தன என்றது. ஆனால் சராசரி வேறுபாடு பெரிதல்ல என்பதையும் மறைக்கவில்லை. முதல் மாத்திரை ஒத்துவராமல் மாற்ற நேர்ந்தால் அம்மா மனம் தளர வேண்டாம்.

கீழைக்காற்று:
நானும் இதே வகை மாத்திரையை எடுத்தவள் என்பதால் சொல்கிறேன். ‘நன்றாக இருக்கிறேனே’ என்று தாமாகவே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வது வழக்கம். சட்டென்று விட்டபோது எனக்குத் தலைசுற்றலும், கண்ணைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வந்தன. மருத்துவர் மீண்டும் தொடங்கி மெல்லக் குறைத்தார். கடைசிச் சிறு அளவுகளைத்தான் மிக மெதுவாகக் குறைக்க வேண்டியிருந்தது.

பாலாற்றங்கரை:
மூவருக்கும் நன்றி. அம்மாவிடம் இன்றே எடுத்துச் சொல்கிறேன். மூட்டு வலிக்காக அவர் அவ்வப்போது மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அதனால் ஏதும் பாதகமுண்டா?

மருந்தியலார்:
உண்டு. இரத்தத் தட்டணுக்களும் செரட்டோனினை அதே கடத்தியின் வழியாகவே உள்ளே சேர்த்துக்கொள்கின்றன. அது அடைபட்டால் இரத்தம் உறையும் திறன் சற்றுக் குறையும். டைக்ளோஃபெனாக்கும் சேரும்போது இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. டிரமடால் என்ற இன்னொரு வலிநிவாரணியைச் சேர்த்தால் செரட்டோனின் அளவுமீறி நடுக்கம், வியர்வை, படபடப்பு வரக்கூடும். பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இவ்வயதினருக்கு இரத்தத்தில் சோடியமும் குறையக்கூடும் என்பதால், அசதியோ குழப்பமோ தெரிந்தால் அதற்கான பரிசோதனையையும் கேட்டுச் செய்துவிடுங்கள்.