ஆங்கிலத்தில் ஒப்பிட்டு எழுதும் இடங்கள்: பார்த்ததையும் திருத்தியதையும் பகிரலாம்

ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைச் செம்மை செய்து கொடுப்பது என் வேலை. எழுதுகிறவர்கள் தங்கள் துறையில் கெட்டிக்காரர்கள், இலக்கணமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் எது எதைவிட அதிகம், எது எதிலிருந்து வேறுபட்டது என்று சொல்ல வரும் இடத்தில் மட்டும் வாக்கியம் தடுமாறும். கட்டுரையின் முடிவே பெரும்பாலும் அந்த வாக்கியத்தில்தான் இருக்கும் என்பதால் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அண்மையில் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது. மருந்து எடுத்துக்கொண்ட குழுவையும் எடுத்துக்கொள்ளாத குழுவையும் ஒப்பிடுகிறார்கள். 'தி பிளட் பிரஷர் ஆஃப் குரூப் ஏ வாஸ் லோயர் தேன் குரூப் பி' என்று எழுதியிருந்தார்கள். தமிழில் 'முதல் குழுவின் ரத்த அழுத்தம் இரண்டாம் குழுவை விடக் குறைவு' என்றால் யாருக்கும் உறுத்தாது. ஆங்கிலத்தில் 'தேன்' என்ற சொல்லுக்கு ஒரு பக்கம் ரத்த அழுத்தம் நிற்கிறது, மறுபக்கம் மனிதர்கள் நிற்கிறார்கள். 'தேட் ஆஃப் குரூப் பி' என்று மாற்றினால் சரியாகிவிடும். நான் அதைவிட 'பிளட் பிரஷர் வாஸ் லோயர் இன் குரூப் ஏ தேன் இன் குரூப் பி' என்பதையே விரும்புவேன். சுருக்கமாகவும் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே வடிவத்தில் நிற்கிறது.

கட்டுரையாளர் கேட்டார்: "அர்த்தம்தான் புரிகிறதே, எதற்கு இவ்வளவு கண்டிப்பு?" நியாயமான கேள்வி. அதே கட்டுரையில் இருந்த இன்னொரு வாக்கியத்தை அவருக்கு அனுப்பினேன்: 'டாக்டர்ஸ் டிரஸ்டட் தி நர்சஸ் மோர் தேன் தி பேஷன்ட்ஸ்.' நோயாளிகள் செவிலியர்களை நம்பியதைவிட மருத்துவர்கள் அதிகம் நம்பினார்களா? அல்லது மருத்துவர்கள் நோயாளிகளைவிடச் செவிலியர்களை அதிகம் நம்பினார்களா? இரண்டும் முற்றிலும் வேறு முடிவுகள். கடைசியில் 'டிட்' என்று ஒரு சொல் சேர்த்தால் முதல் பொருள். 'தேன்' என்பதற்குப் பிறகு 'தே டிரஸ்டட்' சேர்த்தால் இரண்டாவது. எது என்று அவர்தான் சொல்ல முடியும், நான் ஊகிக்கக் கூடாது. அவர் தரவைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினார். அதற்கப்புறம் முழுக் கட்டுரையிலும் ஒப்பீடு வரும் இடங்களை அவரே தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்றும் அந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வந்தது: 'லோயர் கம்பேர்டு வித்.' 'லோயர்' என்று சொன்ன பிறகு அதற்கு இயல்பான துணை 'தேன்'. 'பெயின் வாஸ் லோயர் கம்பேர்டு வித் குரூப் பி' என்று படிக்கும்போது, வலி முன்பிருந்ததைவிடக் குறைந்ததா, மற்றக் குழுவைவிடக் குறைவா என்று ஒரு கணம் தயங்க வேண்டியிருக்கிறது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்த ஆய்வில் அந்தத் தயக்கத்துக்கே இடம் இருக்கக் கூடாது.

இதுபோல உங்களுக்கு எதிர்ப்பட்டவற்றை எழுதுங்கள்.

—

நான் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் 'அகாடமிக்' பிரிவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் வரைபடமோ அட்டவணையோ கொடுத்து, குறைந்தது 150 சொற்களில் விவரிக்கச் சொல்வார்கள். முக்கியமான அம்சங்களைத் தேர்ந்தெடுங்கள், தேவையான இடத்தில் ஒப்பிடுங்கள் என்று கேள்வியிலேயே இருக்கும். ஆனாலும் வருகிறவர்களில் பலர் எண்களை வரிசையாக அடுக்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

என்னிடம் படித்த ஒரு செவிலியர் அப்படித்தான் எழுதினார். ஒப்பிட வேண்டும் என்று சொன்னதும் ஒப்பிட்டார், ஆனால் 'மோர் சீப்பர்', 'டபுள் தேன்', 'ஒன் ஆஃப் தி ஹையஸ்ட் கன்ட்ரி' என்று வந்தது. சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தால் அடுத்த கட்டுரையிலும் அதுவே வரும் என்று தெரியும். அதனால் உட்கார்ந்து காரணத்தைப் பேசினோம். தமிழில் 'உயரமான' என்ற சொல் ஒப்பிடும்போதும் அப்படியேதான் இருக்கிறது, 'விட' என்பதே ஒப்பீட்டின் முழுச் சுமையையும் தாங்குகிறது. ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் வேலை நடக்க வேண்டும்: பண்புச்சொல் உருமாற வேண்டும், அப்புறம் 'தேன்' வர வேண்டும். அதனால் நம்மவர்கள் ஒன்று முதல் வேலையை விட்டுவிட்டு 'சீப் தேன்' என்கிறார்கள், அல்லது பயந்துபோய் இரண்டு முறை செய்து 'மோர் சீப்பர்' என்கிறார்கள். இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. விதியை மனப்பாடம் செய்வதைவிடத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது அவருக்கு அதிகம் உதவியது.

(ஒரு சின்ன விஷயம்: ஷேக்ஸ்பியரே 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்று எழுதியிருக்கிறார். அன்றைய ஆங்கிலத்தில் அழுத்தம் கொடுக்க அப்படி இரட்டிப்பது வழக்கத்தில் இருந்தது. இன்று தேர்வில் அது செல்லாது.)

'டபுள் தேன்' என்பதை 'ட்வைஸ் ஆஸ் மெனி ஆஸ்' என்று மாற்றப் பழகினார். 'ஒன் ஆஃப் தி' வந்தால் பின்னால் பன்மை என்பதும் பிடிபட்டுவிட்டது. அதிகம் நேரம் எடுத்தது சதவீதம்தான். ஒரு வரைபடத்தில் பங்கு 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏறியிருந்தது. 'இன்கிரீஸ்ட் பை 5 பர்சென்ட்' என்று எழுதினார். 10-இல் 5 சதவீதம் கூடினால் 10.5தானே வரும் என்று கேட்டேன். காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியானால் இது 50 சதவீத உயர்வு என்று அவரே சொன்னார். ஐந்து என்றே சொல்ல வேண்டுமானால் 'பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' என்று எழுத வேண்டும். இங்கே இலக்கணம் சரியாகவே இருந்தது, தகவல்தான் தப்பாகப் போனது.

'த்ரீ டைம்ஸ் மோர்' என்பதையும் நான் தவிர்க்கச் சொல்வேன். 20 பேருக்கு 'மூன்று மடங்கு அதிகம்' என்றால் சிலர் 60 என்று புரிந்துகொள்வார்கள், சிலர் 20-உடன் 60-ஐக் கூட்டி 80 என்பார்கள். 'த்ரீ டைம்ஸ் ஆஸ் மெனி ஆஸ்' என்றால் 60தான், சந்தேகமே இல்லை. 'த்ரீ டைம்ஸ் லெஸ்' என்று பார்த்தால் உடனே 'ஒன் தேர்ட் ஆஸ் மச்' என்று மாற்றிவிடுங்கள்.

—

மனிதவளத் துறையில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். பதவி உயர்வு தொடர்பாக வரும் கடிதங்களில் 'சீனியர் தேன் மீ' என்று இல்லாத கடிதம் அபூர்வம். 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்', 'பிரையர்' எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை, இவற்றோடு 'டு'தான் வரும். 'பிரிஃபர்' என்ற வினையும் அப்படியே: 'பிரிஃபர் டீ டு காஃபி.' ஒரு ஊழியர் தன் முறையீட்டை மேலிடத்துக்கு அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அந்த ஒரு சொல்லை மாற்றிக் கொடுத்தேன். படிக்கிறவரின் கவனம் பிழையில் சிக்காமல் நியாயத்துக்குப் போகட்டும் என்பதுதான் காரணம்.

—

நான் மொழிபெயர்ப்பாளர். முதலில் எழுதியவர் சொன்ன 'இரண்டு பக்கமும்' என்பதைப் படித்ததும் ஒரு விளம்பர வேலை நினைவுக்கு வந்தது. அதில் இன்னொரு பக்கமே இல்லை. 'அப் டு 30 பர்சென்ட் ஃபாஸ்டர்' என்று ஒரு கருவியின் அட்டைப்பெட்டிக்கான வாசகம். தமிழாக்க உட்கார்ந்தால் 'எதை விட?' என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. '30 சதவீதம் வேகமாக' என்று மட்டும் எழுதினால் மொட்டையாக இருக்கிறது.

வாடிக்கையாளரிடம் கேட்டேன். இருப்பதை அப்படியே மாற்றிக் கொடுங்கள், மேலே யோசிக்க வேண்டாம் என்றார்கள். நான் விடவில்லை. வாங்குகிறவர் பணம் கொடுத்து வாங்குகிறார், அவருக்கு அது தெரிய வேண்டும் என்று எழுதினேன். அப்புறம்தான் அவர்களுக்குள்ளேயே பேசினார்கள். விற்பனைப் பிரிவு போட்டி நிறுவனத்தின் கருவியை விட என்று நினைத்திருக்கிறது, வடிவமைத்தவர்களோ தங்களுடைய பழைய மாதிரியை விட என்று அளந்திருக்கிறார்கள். கடைசியில் ஆங்கில மூலத்தையே 'தேன் அவர் பிரீவியஸ் மாடல்' என்று திருத்தினார்கள். 'அப் டு' பற்றியும் சொல்ல வேண்டும். அது உச்ச அளவு. தமிழில் '30 சதவீதம் வரை' என்று 'வரை'யைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் எப்போதுமே அந்த வேகம் கிடைக்கும் என்று ஆகிவிடும்.

—

எல்லாம் பயனுள்ளதாக இருக்கிறது. முதல் பதிவு எழுதிய மேடம், ஒரு சந்தேகம். 'ஃபியூவர்', 'லெஸ்' எது எங்கே? 'கம்பேர் டு', 'கம்பேர் வித்' வேறுபாடு உண்மையில் உண்டா? எங்கள் மேலாளர் ஒவ்வொரு அறிக்கையிலும் இவற்றை மாற்றுகிறார், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி மாற்றுகிறார்.

—

உங்கள் மேலாளர் மாறி மாறித் திருத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இவற்றில் சில விதிகள் உறுதியானவை, சில வெறும் விருப்பங்கள்.

எண்ணக்கூடியவற்றுக்கு 'ஃபியூவர்', அளக்கக்கூடியவற்றுக்கு 'லெஸ்' என்பது எழுத்தில் பின்பற்ற வேண்டிய வழக்கம். ஆனால் அது தொன்றுதொட்டு வந்த சட்டம் இல்லை. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பவர் இப்படிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தன் விருப்பமாகத்தான் எழுதினார். அது பிற்பாடு விதியாக இறுகிவிட்டது. நேரம், தூரம், பணம் வரும்போது எண் இருந்தாலும் 'லெஸ் தேன்' என்பதே சரி: 'லெஸ் தேன் 10 மினிட்ஸ்.' பத்து நிமிடத்தை நாம் பத்துத் தனிப் பொருளாக எண்ணுவதில்லை, ஒரே அளவாகப் பார்க்கிறோம். இதைப் போய் 'ஃபியூவர்' என்று யாராவது திருத்தினால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.

'கம்பேர் டு' என்பது ஒன்றை இன்னொன்றாக உவமித்துச் சொல்வதற்கு, 'கம்பேர் வித்' என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆராய்வதற்கு என்பது பழைய பிரிவு. வினையாக எழுதும்போது அதைக் காப்பாற்றுவது எனக்குப் பிடிக்கும். ஆனால் 'கம்பேர்டு டு லாஸ்ட் இயர்' என்று வரும் இடத்தில் இன்று இரண்டுமே புழங்குகின்றன. ஓர் அறிக்கைக்குள் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

'டிஃபரென்ட்' என்பதற்கு 'ஃபிரம்' எங்கும் செல்லும். 'தேன்' அமெரிக்க வழக்கில் அதிகம், 'டு' பிரிட்டிஷ் வழக்கில் உண்டு. யார் படிப்பார்கள் என்று தெரியாவிட்டால் 'ஃபிரம்' என்று எழுதுங்கள்.

—

கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், பரிந்துரைக் கடிதங்கள் நிறைய எழுத வேண்டியிருக்கும். என் சக ஆசிரியர் ஒருவர் தன் வகுப்பு மாணவிக்காக எழுதிய கடிதத்தை அனுப்பும் முன் என்னைப் படிக்கச் சொன்னார். 'ஷி இஸ் பெட்டர் தேன் எனி ஸ்டூடன்ட் இன் மை கிளாஸ்' என்று இருந்தது. அந்தப் பெண்ணும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். அப்படியானால் அவள் தன்னைவிடவும் சிறந்தவள் என்று ஆகிறது. 'எனி அதர் ஸ்டூடன்ட்' என்று ஒரு சொல் சேர்த்தோம்.

அடுத்த வரியில் 'ஆஸ் குட் ஆர் பெட்டர் தேன் ஹெர் சீனியர்ஸ்' என்று இருந்தது. 'ஆஸ் குட்' என்பதற்கு இன்னொரு 'ஆஸ்' வேண்டும், அது விழுங்கப்பட்டுவிட்டது. 'ஆஸ் குட் ஆஸ், ஆர் பெட்டர் தேன்' என்று எழுதினால் சரிதான், ஆனால் வாக்கியம் முடிச்சாகிவிடும். நான் அவரிடம், உண்மையில் அவள் எதில் சிறந்தவள் என்று கேட்டேன். சோதனை முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள், இவள் காரணம் தெரியும்வரை திரும்பச் செய்வாள் என்றார். அந்த ஒப்பீட்டு வரியை எடுத்துவிட்டு இதையே எழுதச் சொன்னேன். எழுதி அன்றைக்கே அனுப்பிவிட்டார்.