கலைச்சொல் வேண்டும்: தானியமும் பயறும் சேர்ந்து விளையும் பயிருக்கு

திருப்பூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இயற்கை வேளாண்மைப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மூன்றாம் இயல் முழுக்க ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடக்கிறது. சோளத்தையும் தட்டைப்பயற்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்ப்பதற்கு என்ன பெயர் வைக்கலாம்? "ஊடுபயிர்" என்றால் எங்கள் பக்கத்தில் தென்னைக்குள் வாழை என்றுதான் நினைக்கிறார்கள். "கலப்புப் பயிர்" பாடநூலில் இருக்கிறது, ஆனால் நாட்டு விதை காப்பவர்களிடம் கலப்பு என்றதும் "கலப்பினமா?" என்று கேட்கிறார்கள். யூரியா போடாத நிலத்தில் தழைச்சத்துக்குப் பயறுதான் வழி. அதனால் இந்த இயலில் சொல் குழப்பக் கூடாது. "கூட்டுப்பயிர்" சரிவருமா? "துணைப்பயிர்" என்றும் ஒருவர் சொன்னார்.

நெல்லையிலிருந்து:

கூட்டு என்றால் கூட்டுப்பண்ணை, கூட்டுறவு என்றே மனம் போகும். "தானியம்" வடசொல். நமக்குக் கூலம் இருக்கிறது. சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். சிலம்பில் கூலவீதி வருகிறது. நெல், வரகு, தினை, சாமை மட்டுமல்ல, உளுந்தும் கொள்ளும் துவரையும் மொச்சையும்கூடக் கூலமே. இந்தப் பருப்பு வகைக்கு முதிரை என்று தனிப்பெயரும் உண்டு. மலையாளத்தில் கொள்ளுக்கு "முதிர" என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கலத்தலுக்கு "விரவு" என்ற வினை இருக்கிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயரைத் தொல்காப்பியர் விரவுப்பெயர் என்றார். அதே தடத்தில் "விரவுப்பயிர்" என்க. பயறு சேர்ந்தது என்று காட்ட வேண்டுமானால் "முதிரை விரவு".

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, முதிரை எங்களுக்கு மரம். கதவு நிலைக்கும் தளபாடத்துக்கும் பேர்போன வைர மரம். "முதிரை விரவு" என்று வாசித்தால் மரங்களுக்கு நடுவில் செய்யும் பயிர் என்றே இங்கு விளங்கிக்கொள்வார்கள். "அவரையினம்" என்றால் இரு கரையிலும் விளங்கும். கையேட்டின் தலைப்பையும் பாருங்கள். ஆர்கானிக் என்பதற்கு நாங்கள் சேதனம் (சேதனப் பசளை) என்கிறோம், அங்கே அங்ககம், உயிர்மம், இயற்கை என்று மூன்று ஓடுகின்றன. முதலில் அதை ஒன்றாக்கினால் நல்லது.

கோவையிலிருந்து (உழவியல் கற்பிப்பவர்):

அதை வேறு இழையில் பேசலாம். இப்போது பொருள் தெளிவாக வேண்டும். இரண்டு பயிரைச் சேர்த்து வளர்ப்பதில் நான்கு வகை உண்டு. வரிசை இல்லாமல் கலந்து தூவுவது ஒன்று. நான்கு வரிசை சோளம், ஒரு வரிசை துவரை என்று விதைப்பது ஒன்று. அகலப் பட்டைகளாகப் பிரிப்பது ஒன்று. முதல் பயிர் நிற்கும்போதே அடுத்ததை விதைப்பது ஒன்று. காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிப்பது கடைசி வகை. நான்கையும் அடக்கும் பொதுச்சொல் ஒன்றும், வகைக்கு ஒவ்வொன்றும் தேவை. பொதுச்சொல்லாக எல்லாப் பாடநூலிலும் இருப்பது ஊடுபயிர்தான்.

"துணைப்பயிர்" வேண்டவே வேண்டாம். பயறு சோளத்துக்குத் தழைச்சத்தை ஊட்டுகிறது என்ற எண்ணத்தை அது வளர்க்கும். நிற்கும் பருவத்தில் அப்படிப் போவது பெரும்பாலும் சொற்பம். சோளம் மண்ணில் உள்ள தழைச்சத்தை முந்திக்கொண்டு எடுத்துவிடும். மண்ணில் மிச்சம் கிடைக்காத பயறு, வேர் முண்டுகளில் உள்ள ரைசோபியம் என்ற நுண்ணுயிர் வழியாகக் காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே பானையில் கை வைப்பதில்லை, அதுதான் ஆதாயம். பயறின் வேரும் சருகும் மட்கிய பிறகு அடுத்த வெள்ளாமைக்குப் பலன். ரசாயன உரம் கொட்டிய நிலத்தில் இந்த ஆதாயம் சுருங்கும். அதனால்தான் இயற்கை வேளாண்மைக்கு இது இவ்வளவு முக்கியம்.

நெல்லையிலிருந்து:

அம்மா, விளக்கத்துக்கு நன்றி. அப்படியென்றால் "ஊடு" என்ற சொல்லையே கொஞ்சம் தோண்டுவோம். நெசவில் நீளவாட்டு இழை பாவு, குறுக்கிழை ஊடு. ஊடும் பாவும் சமம். ஒன்று இல்லாமல் மற்றொன்று துணியாகாது. ஊடுருவு, ஊடகம் எல்லாம் இதே வேர். ஊடலும் இதே வேர் என்பது என் துணிபு: இருவர் இடையே புகுவது ஊடல். தென்னைக்குள் வாழை என்று சுருங்கியது பிற்கால வழக்கே. குறுந்தொகை 82ஆம் பாட்டில் "சிறுதினை மறுகால் கொழுங்கொடி அவரை பூக்கும்" என்கிறார் கடுவன் மள்ளனார். கூலமும் முதிரையும் ஒரே புனத்தில்!

கோவையிலிருந்து:

அருமையான சான்று, ஐயா. மறுகால் என்பது அரிந்த தாள். தினை அறுத்த பிறகு அவரை பூக்கிறது. நான் சொன்ன நான்காம் வகைக்கு நெருக்கமாக வருகிறது. கலந்து தூவியதற்குச் சான்றாக அதை வைக்க முடியாது. சோளமும் துவரையும் அப்படித்தான். ஒரே நாளில் விதைத்தாலும் சோளம் நாலு மாதத்துக்குள் முடியும், துவரை அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் நிற்கும்.

தாராபுரத்திலிருந்து:

நான் விவசாயி, இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். எங்களிடம் இதற்குப் பெயர்ச்சொல்லே கிடையாது. "சோளத்தோட தட்டை கலந்து விதைச்சிருக்கேன்" என்போம், அவ்வளவுதான். விரவு என்றால் எங்கள் ஊரில் பத்துப் பேருக்கும் புரியாது. மாட்டுக்குச் சோளத்தட்டு, வீட்டுக்குப் பயறு, களையும் குறையும் என்று எழுதுங்கள், செய்வார்கள்.

நெல்லையிலிருந்து:

புரியாது என்று ஒதுக்கிய சொல் எப்போதுதான் புரியும்? பேருந்தும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான். பயிற்சிக் கையேடே சொல்லைப் பழக்க வேண்டிய இடம்.

திருப்பூரிலிருந்து:

நாளை கோப்பை அனுப்ப வேண்டும். கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் கூட்டுப்பயிரை ஏற்றார்கள், தனிமடலில் வந்தவையும் சேர்த்து. பொதுச்சொல் கூட்டுப்பயிர், முதல் முறை வரும் இடத்தில் "ஊடுபயிர் என்றும் சொல்வர்" என்று சேர்க்கிறேன். வகைகள்: கலந்து விதைப்பு, வரிசை விதைப்பு, பட்டை விதைப்பு, தொடர் விதைப்பு. பயறு பயறாகவே இருக்கும். விரவுப்பயிர் சொல்லடைவில் இடம்பெறும்.

கோவையிலிருந்து:

கூட்டுப்பயிரில் எனக்கு உடன்பாடில்லை. என் மாணவர்கள் தேர்வில் ஊடுபயிர் என்றுதான் எழுத வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் இரண்டு முறை என்று எண்ணிக்கொள்வார்கள். இன்னொன்று, அதே இயலில், சேர்ந்து விளைந்த மகசூலைத் தனியே விளைந்ததோடு ஒப்பிடும் விகிதத்துக்கு யாருமே சொல் தரவில்லை. ஒரு ஏக்கரில் தனியே விளைந்தால் 1000 கிலோ தரும் சோளம் கலந்து விளைந்தபோது 800 கிலோ, 600 கிலோ தரும் துவரை 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.8, 0.5, கூட்டினால் 1.3. அதாவது தனித்தனியாக விளைவித்து இதே மகசூலை எடுக்க 1.3 ஏக்கர் வேண்டும். "நிலச் சமன் விகிதம்" என்று நான் வகுப்பில் சொல்கிறேன். விகிதம் வடசொல் என்று நெல்லை ஐயா சொல்வார். இன்றிரவுக்குள் மாற்றுச்சொல் தந்தால் கையேட்டில் சேர்க்கலாம்.