காதோரத்து ஒற்றை முடி எங்கே போனது?

பழந்தூரிகை:
நேற்று ஒருகிளிக் என்கிற நண்பர் இங்கே எழுதியிருந்தார்: "முடிக்குப் பின்னால் பின்னணியை மாற்ற இனி ஒரு பட்டன் போதும். சேனலை நகலெடுத்து மாஸ்க் செய்வதெல்லாம் தாத்தாக்கள் வித்தை." சேனல் என்றால் படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளில் ஒன்று. மாஸ்க் என்றால் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கருப்பு வெள்ளைப் படம். சாட்சிக்கு இரண்டு படம் வேறு. முதல் படத்தில் சாம்பல் சுவருக்கு முன்னால் ஒரு பெண். அடுத்ததில் அதே பெண் அந்தி வானத்துக்கு முன்னால். நான் தாத்தாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தாத்தாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். முதல் படத்தில் இடது காதுக்குப் பக்கத்தில் ஒற்றை முடி ஒன்று வெளியே வளைந்து, கம்மலைத் தொட்டுத் திரும்புகிறது. இரண்டாவதில் அது இல்லை. எங்கே போனது?

ஒருகிளிக்:
ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. அதில் ஒன்று போனதற்குத் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் பெரியவர். மீதி எல்லாம் வந்ததே, அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? ஃபோட்டோஷாப்பில் ஆளைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் செலக்ட் சப்ஜெக்ட் 2018-லேயே வந்துவிட்டது. முடிக்கென்றே ரிஃபைன் ஹேர் பட்டன் 2020-ல் வந்தது. கொஞ்சம் காலண்டரைப் பாருங்கள் ஐயா.

பழந்தூரிகை:
காலண்டர் இருக்கட்டும். முடி எங்கே?

கணக்கும் சொல்கிறேன், கேளுங்கள். முடியின் தடிமன் சுமார் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். 6000 பிக்சல் உயரமுள்ள படத்தில் 60 சென்டிமீட்டர் அளவுக்கு ஆள் அடங்கினால், ஒரு பிக்சலுக்கு 0.1 மில்லிமீட்டர் வரும். அதாவது ஒரு முடி பல இடங்களில் ஒரு பிக்சலைக்கூட நிரப்பாது. அந்தப் பிக்சலில் பாதி முடி, பாதி சுவர். கத்தரிக்கோல் வைக்க அங்கே இடமே இல்லை. 0 முதல் 255 வரை எந்தச் சாம்பல் என்று கணித்து மாஸ்க்கில் வைக்க வேண்டும். உங்கள் பட்டன் அதை வெறும் சுவர் என்று முடிவுகட்டித் துடைத்துவிட்டது.

நான் நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். ப்ளூ சேனலை நகலெடுத்து, வெளிச்ச அளவை மாற்றும் லெவல்ஸில் கருப்பையும் வெள்ளையையும் நெருக்கி, இருட்டாக்கும் பர்ன் கருவியால் கூந்தலின் உள்பக்கத்தையும் வெளுப்பாக்கும் டாட்ஜ் கருவியால் சுவரையும் தடவினேன். விளிம்பைத் தொடவே இல்லை. முடி வந்தது. கம்மலைத் தொட்டுக்கொண்டு அப்படியே வந்தது.

எதிரொளி:
சாம்பல் சுவருக்கு எதற்கு ப்ளூ சேனல்? நடுநிலைச் சாம்பலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கேமரா சென்சாரில் பொதுவாகப் பாதிக் கட்டங்கள் பச்சைக்கு, கால் பங்குதான் நீலத்துக்கு. வெளிச்சம் குறைந்த படத்தில் ப்ளூ சேனலைத் திறந்தால் மணல் தூவியது போல இருக்கும். அதில் மாஸ்க் எடுத்தால் முடி எது, மணல் எது?

பழந்தூரிகை:
அந்தப் பெண்ணுக்குச் செம்பட்டை முடி. செம்பட்டை ப்ளூவில்தான் நன்றாகக் கருக்கும். சுவரை மட்டும் பார்த்துவிட்டு முடியைப் பார்க்காமல் பேசினால் இப்படித்தான். மஞ்சள் சுவர் என்றால் ப்ளூவைத் தொடாதே என்று நானே சொல்லியிருப்பேன், அங்கே சுவரும் சேர்ந்து இருண்டுவிடும். எதிரொளி அம்மாவுக்குப் போன மாதம் நிழல் விழும் திசை பற்றி நான் சொன்னது இன்னும் ஆறவில்லை போல.

எதிரொளி:
எனக்கு ஆறிவிட்டது. நீங்கள்தான் மாதாமாதம் சொறிந்துகொள்கிறீர்கள்.

ஒருகிளிக் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போன முடியை விடுங்கள். வந்த முடியோடு சுவரும் கூடவே வந்திருக்கிறது. உச்சந்தலையைச் சுற்றிச் சாம்பல் கோடு ஓடுகிறது, பாருங்கள். பின்னால் ஆரஞ்சு வானம், முடியின் ஓரத்தில் மட்டும் சாம்பல். ஓரத்தில் ஒட்டிய பின்னணி நிறத்தை நீக்க டீகன்டாமினேட் கலர்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதையாவது டிக் செய்திருக்கலாம். இல்லையென்றால் மேலே ஒரு லேயர், அதாவது அடுக்கு, போட்டு, கீழே உள்ள ஆளின் மேல் மட்டும் படும்படி கிளிப் செய்து, உள்முடியின் நிறத்தை எடுத்து ஓரத்தில் தடவ வேண்டும். சூரியன் பின்னால் இருந்தால் முடி ஓரம் ஒளிர வேண்டும் என்பது வேறு கதை.

நூல்கண்டு:
ஒரு சந்தேகம். இடது காது என்றால் அந்தப் பெண்ணின் இடதா, பார்ப்பவரின் இடதா?

ஒருகிளிக்:
அக்கா, அந்தச் சாம்பல் கோடு வேண்டுமென்றே விட்டது. இயல்பாக இருக்கட்டும் என்று.

பெரியவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு முடியைப் பிடித்தாராம். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது இதுதான். அவர் போட்ட படத்தைப் பாருங்கள், கம்மலுக்கும் கன்னத்துக்கும் நடுவில் சுவர் அப்படியே நிற்கிறது!

பழந்தூரிகை:
அது சுவர் இல்லை, கம்மலின் நிழல். முடியைப் பற்றிக் கேட்டால் கம்மலைப் பற்றிப் பேசுகிறார். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை. இடது காதோரம் ஒரு முடி இருந்தது. உங்கள் படத்தில் இல்லை. இதற்கு மட்டும் பதில்.

சொல்லாய்வான்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் முடி, முடி என்கிறீர்கள். முடி என்றால் கிரீடம், உச்சி, முடிச்சு என்று பல பொருள் உண்டு. தலையில் முளைப்பதற்குப் பழைய நேரடிச் சொல் மயிர்தான். அதைச் சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்?

எதிரொளி:
கூச்சமில்லை ஐயா. இந்த விவாதத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது. அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

நூல்கண்டு:
கணக்கு என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். கணினி வரைகலை ஆய்வாளர்கள் ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் ப்ளின்னும் 1996-லேயே இதை எழுதிவிட்டார்கள். ஒரு பிக்சலில் நமக்குத் தெரிந்தது சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 எண். தெரியாதது முடியின் நிறம் 3, பின்னணியின் நிறம் 3, ஒளிபுகும் அளவு 1, ஆக 7. பின்னணி நிறம் தெரிந்தாலும் 4 மிச்சம். ஒரே பொருளை இரண்டு வேறு நிறப் பின்னணியில் எடுத்தால்தான் விடை துல்லியமாக வரும். எனவே ஒரே படத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இருவருமே ஊகித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அப்புறம், எந்த இடது என்று கேட்டிருந்தேன்.

பழந்தூரிகை:
இரண்டு பின்னணியில் எடுக்கும்வரை முடி அசையாமல் நிற்குமா? பொம்மைக்குச் சரி, ஆளுக்கு ஆகாது. ஊகம் என்றே வைத்துக்கொள்வோம். என் ஊகத்தில் முடி இருக்கிறது, அவர் ஊகத்தில் இல்லை.

இன்னொரு வழியும் செய்து பார்த்தேன். சுவரை லெவல்ஸில் வெள்ளையாக்கி, அந்த லேயரை, கீழே உள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் போட்டேன். வெள்ளை தானாக மறைந்துவிடும், கருத்த முடி மட்டும் வானத்தின் மேல் நிற்கும். ஓரத்துக்கு மாஸ்க்கே வேண்டாம். முகத்துக்கும் உடம்புக்கும் மட்டும் மேலே சாதாரண லேயர் ஒன்று, அதற்கு முரட்டு மாஸ்க். இதிலும் அந்த முடி வந்தது. இரண்டு வழியில் வந்த முடி மூன்றாவது வழியில் வரவில்லை என்றால் குற்றம் முடியிலா, வழியிலா?

ஒருகிளிக்:
மல்டிப்ளை போட்ட படத்தையும் பார்த்தேன். முடி வந்திருக்கிறது, வாழ்த்துகள். நெற்றி ஓரத்தில் வானமும் சேர்ந்து இறங்கி, கரி பூசியது போல இருக்கிறது. முடியைக் காப்பாற்றி முகத்தைக் கொன்றுவிட்டீர்கள். என்னிடம் ஒரு நாளைக்கு நாற்பது படம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ராத்திரி என்றால் நான் எப்போது தூங்குவது?

எதிரொளி:
நாற்பதிலும் சாம்பல் கோடா?

ஒருகிளிக்:
நாற்பதிலும் இயல்பு.

சொல்லாய்வான்:
மாஸ்க் என்பதற்கு "மறைப்பு" என்று எழுதலாமே?

பழந்தூரிகை:
எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்த முடியை மறைத்தது யார் என்பதுதான் கேள்வி. நாளைக்கு 400 சதவீதம் பெரிதாக்கி, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுகிறேன். சிவப்பு வட்டமும் போடுகிறேன், பட்டன் மட்டும் அமுக்கத் தெரிந்தவர்களுக்கும் புரியட்டும்.

நூல்கண்டு:
வட்டத்தை எந்தக் காதில் போடுவீர்கள்?

பழந்தூரிகை:
இடது காதில்.