புதுப்பிப்பு: பள்ளிக்கூட கேட் விஷயம் என்ன ஆச்சு?

முன்கதை: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தாமதமாக வரும் பிள்ளைகளை கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறார்கள், பாட நேரத்தில் கழிப்பறைக்கு விடுவதில்லை, அடைமழையிலும் ஷூ கட்டாயம் என்று புலம்பியிருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசச் சொன்னீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு சரி என்றிருந்தவர்கள் இந்தத் தடவை உட்கார்ந்து பேசினோம்.

கழிப்பறைக்குத் தலைமையாசிரியர் உடனே சரி என்றார். ஐப்பசி, கார்த்திகையில் செருப்பு போதுமாம்.

கேட்தான் இழுத்தது. பள்ளி மெயின் ரோட்டு மேல் இருக்கிறது, நெல் லாரி ஓடும் சமயத்தில் திறந்து போட முடியாது என்றார். நியாயம்தான். ஆனால் டவுன் பஸ் தாமதமானால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் பள்ளியில் தரும் காலை உணவும் கிடைக்காமல் போகிறது. 2023-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டத்தை விரிவாக்கியதே நம் திருக்குவளையில்தான். "வெளியே நின்னு பொங்கல் வாசனை பிடிக்கவா சார்?" என்று ஓர் அம்மா கேட்டதும் கூட்டமே அமைதி.

இப்போது சமையல்கூடப் பக்கத்துச் சின்னக் கதவின் சாவி சமையல் அக்காவிடம். பஸ் பிள்ளைகளுக்குத் தட்டு மூடி வைக்கிறார்.

பிறந்தநாள் சாக்லேட்டுக்கு மட்டும் அனுமதி இல்லை. எனக்கு அதில் சம்மதமே. என் மகளுக்குத்தான் கோபம். குடிநீர்த் தொட்டி கழுவிய தேதியை எழுதி வைக்கும் பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கிறது.