காலூன்றிய பிறகு தெரிந்த மண்: அனுபவப் பகிர்வு

கோவில்பட்டிக்காரர்:
கரிசலைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் மனத்தை விட்டு அகலாத ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன். என் தம்பி எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனைக்கே முன்பணம் கொடுக்கவிருப்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2016இல் ஐந்து சென்ட் வாங்கி, நான்கடி ஆழத்தில் கருங்கல் அஸ்திவாரம் போட்டுக் கட்டினோம். இரண்டு ஆண்டுகள் குறையேதும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டு சித்திரையில், சமையலறைச் சுவரின் மூலையிலிருந்து சன்னல் வரை படிக்கட்டுப் போல இறங்கியிருந்த வெடிப்பில் என் தாயார் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு அந்த வெடிப்பு ஏறத்தாழ மூடிக்கொண்டது. ஆனால் பின்கதவு நிலையோடு இறுகித் திறக்க மறுத்தது. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும் காட்டில் பருத்தி எடுத்து வளர்ந்தவன் நான். அதே மண்ணின் மேல்தான் சுவரும் நிற்கப் போகிறது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

மணிகண்டம் தோட்டத்து அம்மா:
கம்பியைக் கூட்டிப் போட்டிருந்தால் உங்கள் சுவர் தப்பியிருக்கும் என்று என் கணவர் சொல்கிறார். எங்கள் கதை வேறு. திருச்சிக்குத் தெற்கே நாற்பது சென்ட் நிலத்தைத் தை மாதத்தில் பார்த்தோம். மேலே வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டோம். மாங்கன்றுக்காக வெட்டிய குழிகளில் மழைநீர் தேங்கியது. எட்டாம் நாள் போய்ப் பார்த்தபோது தண்ணீர் இறங்கவுமில்லை, தெளியவுமில்லை. முதல் நாள் கலங்கியது போலவே பால் கலந்த தேநீர் நிறத்தில் நின்றது. அந்தக் கலங்கல் நீரின் நிறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பரிசோதனை நிலையத்தில் கார அமில நிலை 9.2 என்று எழுதிக் கொடுத்தார்கள். வைத்த பன்னிரண்டு கன்றுகளும் நுனி கருகிப் போயின.

மதுரைப் பொறியாளர்:
அம்மா, தங்கள் கணவரின் கருத்தை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. கம்பி சுவருக்குத்தான் வலுக் கொடுக்கும். சுவருக்கு அடியில் மண் ஏறி இறங்குவதை அது நிறுத்தாது. கயத்தாறு பக்கம் நிறையக் கம்பி கட்டிய ஒரு சுற்றுச்சுவர் ஒரே மழைக்காலத்தில் முழு நீளமும் சாய்ந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கரிசலில் உள்ள களிமண் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் மேல் மூன்றரை மீட்டருக்குள் நடக்கிறது. நண்பர் நிறுத்திய நான்கடி அந்த அசையும் அடுக்கின் நடுப்பகுதிகூட அல்ல. இதற்காகவே ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் விட்ட தூண் அஸ்திவாரத்தை உருவாக்கியது. குமிழின் விட்டம் தூணின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு இருக்கும். அது அசையாத ஆழத்தில் ஊன்றி நிற்கும். மேலே ஓடும் உத்தரம் மண்ணைத் தொடாமல் இடைவெளி விட்டுச் செல்லும்.

தம்பி முன்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யட்டும். மூன்றடிக்குக் கீழிருந்து மண் எடுத்து, உலர்த்தி, இடித்து, மெல்லிய சல்லடையில் சலித்து, ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சம அளவில் போட வேண்டும். ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றொன்றில் காய்ச்சி வடித்த நீரும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் முழுதும் ஆடாமல் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் நிற்கும் உயரம் அதைவிட நூற்றுக்கு 50 பங்குக்கு மேல் கூடியிருந்தால், சாதாரண அஸ்திவாரத்தை நம்பக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் 10 கிராம் மண்ணை வைத்து இதையே முறையாகச் செய்வார்கள். அந்தச் செலவைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். வீட்டைச் சுற்றி நடைதளம் போடுவதும், சுவரோரம் மரம் வைக்காமல் இருப்பதும், குளியலறை நீரைத் தள்ளி விடுவதும் ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கும் உதவும்.

மேடவாக்கம்:
பொறியாளர் ஐயா மூன்றடி என்கிறார். எங்கள் மனையில் மூன்றடி தோண்டியிருந்தால் ஏமாந்தே போயிருப்போம், ஏனென்றால் நாலரை அடி வரை கொட்டி நிரப்பிய சிவப்புக் கிராவல் மட்டுமே இருந்தது. கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டியவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, உள்ளங்கையில் அள்ளிக் காட்டினார்: கரிய சேறு, அதில் நத்தை ஓடுகள். ஏரியின் அடிமண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை, ஆனால் பார்த்தவுடன் புரிந்தது. பிறகுதான் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலம் எந்த வகை என்று பதிந்திருக்கும் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டோம். எங்கள் புல எண்ணை ஒட்டிய நிலம் தாங்கல், அதாவது சிறு ஏரி, என்றே பதிவாகியிருந்தது. தெருவின் பழைய பெயரிலும் தாங்கல் இருந்ததை நாங்கள் ஒரு பெயராகவே கடந்து போயிருந்தோம். மணிகண்டம் அம்மாவுக்கு ஒன்று: அது களர் நிலம், காரம் மிகுந்த மண். ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மெல்ல மாறும். மாங்கன்றுகளை அவசரப்பட்டு மறுபடி வைக்காதீர்கள்.

மணிகண்டம் தோட்டத்து அம்மா:
நன்றி ஐயா. ஜிப்சம் இட்டுவிட்டோம். நீரை வடிப்பதற்குத்தான் வழியில்லை, பக்கத்து வயல் எங்களுடையதைவிட மேடாக இருக்கிறது.

கோவில்பட்டிக்காரர்:
பொறியாளர் ஐயா சொன்னபடி பக்கத்து மனையில் ஐந்தடி தோண்டி மண் எடுத்தோம், நிறம் மாறவேயில்லை. மறுநாள் காலையில் மண்ணெண்ணெய்க் குவளையில் மண் இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தது. தண்ணீர்க் குவளையில் மூன்றரையைத் தாண்டியிருந்தது. என் தாயார் இரண்டையும் அந்த வெடிப்புக்கு அருகிலேயே சன்னல் திட்டில் எடுத்து வைத்துவிட்டு, முன்பணம் கொடுக்கப் போவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகும்படி தம்பியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.