துவைத்துக் காயவைத்த துணி நாப்பி, கட்டிய பத்து நிமிடத்தில் நாறுகிறது. எங்கே தப்பு?

தொட்டில் அப்பா:

பையனுக்கு எட்டு மாதம். இரண்டாவது மாதத்திலிருந்து துணி நாப்பிதான் கட்டுகிறோம். கையில் 20 இருக்கிறது. எல்லாமே பாக்கெட் வகை, அதாவது உள்ளே ஒரு பை இருக்கும், அதில் சொருகுகிற உறிஞ்சு துணிதான் இன்சர்ட். எங்களுடையது மைக்ரோஃபைபர், செயற்கை இழை. துவைப்பது, காயப்போடுவது, மடித்து வைப்பது மூன்றும் என் வேலை. அதனால் குற்றவாளியும் நான்தான் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

முதல் சில மாதங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது மூன்று வாரமாக இப்படி: காய்ந்த நாப்பியை மூக்கோடு ஒட்டி முகர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. கட்டிவிட்டு, அவன் ஒரு தடவை மூத்திரம் போனால் போதும், பத்து நிமிடத்தில் குப்பென்று அடிக்கிறது. சாதாரண மூத்திர வாடை இல்லை, கண் எரிகிற மாதிரி. இரவு நாப்பியைக் காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கழற்றுகிறேன். இது போதாதென்று தொடைப்பக்கம் ஒழுகல் வேறு. இரவில் ஒரு தடவையாவது மெத்தை விரிப்பு மாற்ற வேண்டியிருக்கிறது.

துவைக்கும் விதம்: கழற்றியதும் மூடி போட்ட வாளியில் தண்ணீருக்குள் போட்டுவிடுவேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று நாளும் ஆகும், ஃப்ரன்ட் லோட் மெஷினில் 30 டிகிரியில் அரை மணி நேர வாஷ். சோப்புத் தூள் ஒரு தேக்கரண்டிதான். நாப்பியோடு வந்த அட்டையில் ‘மிகக் குறைவாகப் போடவும், அதிகமானால் துணி உறிஞ்சாது’ என்று இருந்தது. நாற்றம் ஆரம்பித்த பிறகு கடைசி அலசலில் வாசனைக்காகத் துணிக் கண்டிஷனரும் ஊற்றுகிறேன்.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்போசபிளுக்கே போய்விடலாமா என்று யோசனையாக இருக்கிறது.

மஞ்சள் குருவி:

சோப்பு துணியில் தங்கிவிட்டது. தூளை இன்னும் குறையுங்கள், கடைசி அலசலில் ஒரு கப் வினிகர் ஊற்றுங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

மூன்று பிள்ளைக்காரி:

தொட்டில் அப்பா, எதையும் ஊற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். சோப்பு அதிகமாகித் தங்கியதற்கு நீங்கள் சொன்னதில் ஓர் அடையாளம்கூட இல்லை. ஒரு தேக்கரண்டித் தூளில் 15 நாப்பி வெளுக்குமா? உங்கள் சட்டையை அப்படித் துவைப்பீர்களா?

புதிதாகப் பெய்த மூத்திரத்துக்கு இந்தக் கண்ணெரிச்சல் வாடை கிடையாது. மூத்திரத்தில் இருக்கிற யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போதுதான் அம்மோனியா வரும். அதற்கு நேரம் பிடிக்கும். பத்து மணி நேரம் கட்டியிருந்த இரவு நாப்பி கொஞ்சம் அடித்தால் அது இயற்கை. கட்டிய பத்து நிமிடத்தில் அடித்தால், பழைய பாக்கி துணிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். காய்ந்திருக்கும்போது தூங்கும், நனைந்து குழந்தையின் உடல் சூடும் சேர்ந்தால் எழுந்துகொள்ளும். மாதங்கள் ஏற ஏறக் குழந்தை ஒரே தடவையில் போகிற அளவும் கூடும், இரவில் ஒரே நாப்பி இருக்கிற நேரமும் கூடும். அதனால்தான் நான்கு மாதத்தில் தாக்குப்பிடித்த அரைகுறைத் துவைப்பு எட்டு மாதத்தில் பல்லைக் காட்டுகிறது.

மருந்துக்கு முன்னால் சோதனை. துவைத்துக் காய்ந்த ஒரு இன்சர்ட்டைப் பாத்திரத்தில் போட்டு, நல்ல சூடான தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து ஆவியை முகருங்கள். அடுத்து, இன்னொரு காய்ந்த இன்சர்ட்டின் மேல் ஒரு கரண்டி தண்ணீரை மெல்ல விடுங்கள். உடனே இறங்குகிறதா, தாமரை இலைத் தண்ணீராக நிற்கிறதா? மூன்றாவது, உங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீரா? கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள்.

கண்டிஷனரை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அது நூலின் மேல் வழவழப்பான படலம் பூசுவதற்கென்றே செய்தது. துண்டுக்கே ஆகாது, நாப்பிக்கு எப்படி ஆகும்?

மஞ்சள் குருவி, கோபித்துக்கொள்ளாதீர்கள். வினிகர் எலாஸ்டிக்கையும் மெஷினின் ரப்பரையும் நாளடைவில் பதம்பார்க்கும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. யாராவது நாளைக்கு ப்ளீச்சும் போடச் சொல்வார்கள். வினிகரும் குளோரின் ப்ளீச்சும் சேர்ந்தால் விஷ வாயு. மூத்திரம் ஊறிய துணியில் ப்ளீச் ஊற்றினாலும் ஆபத்தான புகை வரும்.

மஞ்சள் குருவி:

ப்ளீச் விஷயம் எனக்குத் தெரியாது. சரி, வினிகர் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சாயங்கால வெயில்:

ஒழுகலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நாற்றமும் ஒழுகலும் ஒரே காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. காலை விரித்துப் படுக்கவைத்து, தொடை எலாஸ்டிக் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ஜட்டி விளிம்பு போல இடுப்பும் தொடையும் சேர்கிற மடிப்புக்குள் போயிருக்க வேண்டும், தொடைச் சதையின் மேல் அல்ல. கவருக்கு, அதாவது தண்ணீர் புகாத வெளி உறைக்கு, வெளியே உள்துணியின் ஓரம் ஒரு நூல் அளவு எட்டிப்பார்த்தாலும் அது திரி மாதிரி ஈரத்தை இழுத்து உடுப்புக்குக் கொடுத்துவிடும். குழந்தை வளர்ந்திருக்கிறான், அளவைக் கூட்டிக் குறைக்கிற முன்பக்க ஸ்னாப் (அழுத்துப் பொத்தான்) வரிசையைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

இன்னொன்று, மைக்ரோஃபைபர் ஸ்பாஞ்ச் மாதிரி. மளமளவென்று குடிக்கும், அழுத்தினால் அப்படியே கக்கும். இறுக்கமான பாடிசூட் போட்டுக் கவிழ்ந்து படுத்தால் போதும். இரவுக்கு அதன் அடியில் ஒரு பருத்தி அல்லது சணல்வகை ஹெம்ப் இன்சர்ட் சேருங்கள். மேலே மைக்ரோஃபைபர், கீழே பருத்தி. மேலே உள்ளது வேகமாக இழுக்கும், கீழே உள்ளது விடாமல் பிடித்துவைக்கும். புதுப் பருத்தியை நாலைந்து தடவை துவைத்த பிறகுதான் முழுசாக உறிஞ்சும், வாங்கிய அன்றே திட்டாதீர்கள். எந்த அவசரத்திலும் மைக்ரோஃபைபரை மட்டும் தோலில் படும்படி வைக்க வேண்டாம், தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்து வறட்டிவிடும்.

தொட்டில் அப்பா:

சோதனை முடிந்தது. சூடான தண்ணீர் ஊற்றி முகர்ந்த என் மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது. ஐந்து நிமிடம் வரை காத்திருக்கவே வேண்டியதில்லை.

கரண்டித் தண்ணீர்: முதல் இன்சர்ட்டில் துளி முத்து மாதிரி நின்றது, பத்து எண்ணிய பிறகுதான் சோம்பலாக இறங்கியது. அலமாரி அடியில் பிரிக்காத இன்சர்ட் ஒன்று கிடந்தது. அதை நனைத்துக் காயவைத்து அதிலும் ஊற்றினேன். தொட்டதும் காணோம். தண்ணீர் உப்புத் தண்ணீர்தான், கெட்டிலின் அடியை நகத்தால் சுரண்டினால் வெள்ளைச் செதில் வருகிறது.

நானாக ஒன்று செய்தேன். நேற்று இரவு கட்டும் முன் நாப்பியை எடைபோட்டேன், 110 கிராம். காலையில் 330. மெத்தை விரிப்பும் நனைந்திருந்தது, அது கணக்கில் இல்லை. பிறகு ஒரு இன்சர்ட்டை முக்கி எடுத்துச் சொட்டு நிற்கும்வரை தொங்கவிட்டால் 190 கிராம் தண்ணீர் பிடிக்கிறது. கையால் லேசாக அழுத்தினேன், பாதி வெளியே. இரவெல்லாம் ஒரே இன்சர்ட்டில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்னாப் வரிசை மாற்றி மூன்று மாதமிருக்கும்.

அடியில் சிவப்பும் இருக்கிறது. நாப்பி நனைகிற இடம் முழுக்க லேசாகச் சிவந்து, வழவழவென்று.

மூன்று பிள்ளைக்காரி:

எடைபோட்டது அருமை, இது எனக்கே தோன்றியதில்லை.

உங்கள் வீட்டில் நடந்தது இதுதான்: தூள் குறைவு, சூடு குறைவு, நேரம் குறைவு. உப்புத் தண்ணீர் வேறு. கால்சியமும் மக்னீசியமும் அந்த ஒரு கரண்டித் தூளின் பெரும்பங்கைத் தின்றுவிடும், அழுக்குக்கு மிச்சம் எதுவும் இருக்காது. அதன்மேல் கண்டிஷனர் படலம். வாளித் தண்ணீரில் மூடிபோட்டு இரண்டு மூன்று நாள் ஊறவைத்தது பாக்டீரியாவுக்கு விருந்து.

முதலில் ஒருமுறை பழைய கடனை அடைக்க வேண்டும். கவரைத் தனியே எடுத்துவிட்டு இன்சர்ட்டுகளை மட்டும் வழக்கம்போல் ஒருமுறை துவைத்துவிடுங்கள். பிறகு ஒரு பெரிய தொட்டியில் கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், அதில் சோப்புத் தூளும் சலவை சோடாவும் கரைத்து, தண்ணீர் ஆறும்வரை ஊறவிடுங்கள். சலவை சோடா, சமையல் சோடா அல்ல. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தையை அந்தப் பக்கமே விடாதீர்கள். தண்ணீர் கலங்கிச் சாம்பல் நிறமாவதைப் பார்த்தால் நீங்களே நொந்துபோவீர்கள். பிறகு மெஷினில் போட்டு, நுரை நிற்கும்வரை வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசல்.

அப்புறம் தினப்படி. கழற்றியதும் குழாயில் ஒரு அலசு, இரவு நாப்பியைக் கட்டாயம். பிழிந்து, காற்று போகிற கூடையில் தண்ணீர் இல்லாமல் போடுங்கள். திட உணவு ஆரம்பித்திருப்பீர்கள், அதனால் மலத்தைக் கழிப்பறையில் உதறிவிட்டுத்தான் கூடைக்கு. தாய்ப்பால் மட்டும் குடித்த நாளில் தண்ணீரிலேயே கரைந்து போகும், அந்தச் சலுகை முடிந்துவிட்டது. இரண்டு நாளைத் தாண்ட விடாதீர்கள்.

மெஷினில் இரண்டு கட்டம். முதலில் கொஞ்சம் தூள் போட்டு ஒரு குறுகிய வாஷ், அந்த அழுக்குத் தண்ணீர் வெளியே போகட்டும். பிறகு முழு வாஷ், நீண்டது, 60 டிகிரி. கவரின் அட்டை அந்தச் சூட்டை அனுமதிக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கவரைத் தனியாகக் குறைந்த சூட்டில் துவையுங்கள். தூளை நாப்பி அட்டை சொல்கிறபடி போடாதீர்கள், தூள் பொட்டலம் சொல்கிறபடி போடுங்கள். அதிக அழுக்குக்கும் உப்புத் தண்ணீருக்கும் அதிலேயே தனி அளவு போட்டிருக்கும். டிரம் முக்கால் நிறைய வேண்டும். துணி ஒன்றோடொன்று அடிபட்டால்தான் அழுக்கு கழலும். குறைந்தால் சின்னத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாஷ் நடுவே கண்ணாடி வழியாகப் பார்த்தால் துணி சேறு மிதிக்கிற மாதிரி தொப் தொப்பென்று விழ வேண்டும். தண்ணீரில் நீந்தினாலும் தப்பு, உலர்ந்த மூட்டையாகப் புரண்டாலும் தப்பு.

கறை பற்றிக் கவலைப்படாதீர்கள், ஈரத்தோடு வெயிலில் போட்டால் தானே வெளுக்கும். கவரை மட்டும் நிழலில். சூடாக இருக்கும்போது எலாஸ்டிக்கை இழுக்காதீர்கள்.

மழலைச் சத்தம்:

நான் செவிலியர். நேரில் பார்க்காமல் நோய் சொல்ல மாட்டேன். பொதுவாக, ஈரம் படுகிற மேட்டில் சிவந்து மடிப்புக்குள் தோல் நன்றாக இருந்தால் ஈரமும் அம்மோனியாவும் காரணமாக இருக்கலாம். மடிப்புக்குள்ளேயே கடுஞ்சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளி தெளித்த மாதிரி இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும், அதற்கு மருந்து வேறு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நாப்பியே இல்லாமல் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். இரண்டு மூன்று நாளில் தணியவில்லை என்றாலோ, கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். துத்தநாகக் களிம்பு பூசினால் தோலுக்கும் நாப்பிக்கும் நடுவே ஒரு லைனர், அதாவது மெல்லிய விரிப்பு, வையுங்கள். அந்தக் களிம்பு துணியில் ஏறினால் உறிஞ்சவே உறிஞ்சாது.

நாப்பிகளைச் சரிசெய்யும்வரை டிஸ்போசபிள் கட்டுவதில் ஒரு குற்றமும் இல்லை.

தொட்டில் அப்பா:

12 நாள் கழித்து எழுதுகிறேன். ஊறவைத்த தண்ணீர் சாம்பல் இல்லை, மழைக்காலத்துக் குட்டை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று கொட்டிவிட்டேன். நாலு அலசல் ஆனது. இரண்டு நாள் டிஸ்போசபிள் கட்டியதில் சிவப்பும் அடங்கியது.

இப்போது 60 டிகிரி, இரண்டு கட்டம், பொட்டலம் சொன்ன முழு அளவு. பகல் நாப்பியில் வாடையே இல்லை. இரவு நாப்பியில் லேசாக இருக்கிறது, முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஸ்னாப் ஒரு வரிசை தள்ளி, அடியில் பருத்தி சேர்த்ததும் ஒழுகலும் நின்றுவிட்டது. ஒரே ஒரு ராத்திரி மட்டும் நனைந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் சாயங்கால வெயில் சொன்னதேதான், உள்துணி ஓரம் ஒரு நூல் வெளியே.

மூன்று இன்சர்ட் மட்டும் சூடு தண்ணீர்ச் சோதனையில் இன்னும் அடிக்கிறது. அவற்றை என்ன செய்யலாம்?

மூன்று பிள்ளைக்காரி:

இன்னொரு ஊறல் கொடுத்துப் பாருங்கள், மூன்றையும் தனியாக. அதற்கும் மசியவில்லை என்றால் கார் துடைக்க நல்ல துணி. மைக்ரோஃபைபர் அந்த வேலைக்கு அருமையாக இருக்கும்.

தொட்டில் அப்பா:

கார் இல்லை, சைக்கிள் இருக்கிறது. மூன்று துணி தாராளம்.