மூங்கில் சுறாவும் மோரே விலாங்கும் ஒரே தொட்டியில்: என் 6 ஆண்டு அனுபவம்

சுறாவையும் மோரே விலாங்கையும் சேர்த்து வளர்க்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடாதா என்பதுதான். என் தொட்டியில் இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு கடிதான் நடந்தது. அதுவும் பகையால் நடந்ததன்று. இரையின் வாசனை நீரெங்கும் பரவியிருந்த நேரத்தில், ஆள் தெரியாமல் நடந்தது. அதற்கு நானே பொறுப்பு என்பதால் நடந்ததை முழுவதுமாகச் சொல்கிறேன்.

கடலடியில் வாழும் சிறிய சுறா இனமான என் பழுப்புப் பட்டை மூங்கில் சுறா முட்டைப் பையிலிருந்து வெளிவந்தபோது 16 செ.மீ. நீளம் இருந்தது. அந்த அளவில் அதை எந்த மோரேயுடன் விட்டாலும் அது வெறும் இரைதான் என்பதால், தனித் தொட்டியில் வளர்த்து, 50 செ.மீ. தாண்டிய பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றினேன். அந்தத் தொட்டி 240 செ.மீ. நீளமும் 120 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்டது, சுமார் 1,700 லிட்டர் நீர் பிடிக்கும். அதில் ஏறக்குறைய அதே நீளமுள்ள ஒரு தேன்கூட்டு மோரே ஏற்கெனவே இருந்தது. சாதுவான விலாங்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். நானும் விசாரிக்காமல் வாங்கினேன். உண்மையில் அது மீன்களை வேட்டையாடும் இனம். கூரிய பற்கள் உடையது. 3 மீட்டர் வரை வளரக்கூடியது. ஆனாலும் நான்கு மாதங்கள் ஒரு சச்சரவும் இல்லை. பகலில் பாறையின் மேல் பொந்திலிருந்து விலாங்கு தலையை நீட்டிக்கொண்டிருக்கும். கீழே மணலில் சுறா படுத்திருக்கும்.

ஒரு மாலை, நேரம் இல்லாத அவசரத்தில், கணவாய்த் துண்டுகளை இரண்டுக்கும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். சுறா ஒரு துண்டை உறிஞ்சி விழுங்கிய அந்த நொடியில் விலாங்கு பொந்தைவிட்டு வந்தது. மோரேக்குப் பார்வை மங்கல். மூக்குதான் அதற்கு வழிகாட்டி. சுறாவின் மூக்கருகே முகர்ந்து, விலாவை ஒட்டியே ஊர்ந்து, வலது மார்புத் துடுப்பைக் கவ்வியது. கவ்வியதும் தன் உடலையே முடிச்சாக்கி முறுக்கத் தொடங்கியது. மணல் கலங்கி எதுவும் தெரியவில்லை. கையில் இடுக்கி இருந்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அதன் பற்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. பிடித்து இழுத்தால் சதைதான் கிழியும். போதாததற்கு அதன் தொண்டைக்குள் இரண்டாவது தாடை ஒன்றும் உண்டு. அது முன்னே பாய்ந்து இரையைப் பற்றி உள்ளே இழுப்பதை ஆய்வாளர்கள் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் 2007-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் விளக்கியிருந்தார்கள். படித்தபோது வியந்த அந்தச் செய்தி, அன்று என் வயிற்றைக் கலக்கியது.

விலாங்கு தானாகவே விட்டது. துடுப்பின் பின்விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. அதைச் சுற்றி ஊசி குத்தியதுபோல் ஏழு துளைகள். சுறா மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூச்சுத் துளை படபடவென்று திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது நிதானத்துக்கு வரும்வரை நான் தொட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதுபோன்ற நேரத்தில் மருந்துப் புட்டியைத் தேடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். செம்பு கலந்த மருந்துகளைச் சுறா தாங்காது; செதிலற்ற மோரேக்கும் அவை ஆகாது. நன்னீரில் முக்கியெடுக்கும் முறையும் கூடாது, ஏனெனில் சுறா தன் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கிவைத்தே கடலின் உப்புக்கு ஈடுகொடுக்கிறது. உப்பின் அளவு திடீரென்று மாறினால் அந்தச் சமநிலை குலைந்துவிடும். நான் செய்தது, விலாங்கை அன்றே தனியே மாற்றியதும், ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு நீரை மாற்றி, உப்புநீரின் ஒப்படர்த்தியை 1.025-இலும் வெப்பத்தை 25 டிகிரியிலும் அசையாமல் நிறுத்தியதும் மட்டுமே. மூன்று வாரத்தில் காயம் மூடியது. பிறைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

தேன்கூட்டு மோரேயை, அதைத் தனியாக வளர்க்க இடமுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு ஜீப்ரா மோரேயைக் கொண்டுவந்தேன். அதன் பற்கள் கூழாங்கல் பதித்த தரைபோல மழுங்கியவை. நண்டையும் இறாலையும் நொறுக்கித் தின்பதற்கானவை. ஸ்னோஃப்ளேக் மோரேயும் ஏறத்தாழ அப்படித்தான். எனவே சுறாவோடு சேர்க்க விரும்புவோர் இந்த இரண்டில் ஒன்றைத் தவிர வேறு மோரேயை நினைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விலாங்கு பதுங்கும் குழாய் இடக்கோடியில் இருக்கிறது; சுறாவுக்கு வலக்கோடியில்தான் இரை. இரண்டு நீண்ட இடுக்கிகளால், ஒரே நேரத்தில், ஒவ்வொன்றுக்கும் அதனதன் வாய்க்கு நேராகக் கொடுக்கிறேன். சில வாரங்களிலேயே இரண்டும் தத்தம் இடத்தைப் பழகிக்கொண்டன. வெறுங்கையை ஒருபோதும் நீருக்குள் விடுவதில்லை.

பாறைகளை மணல்மேல் அடுக்காமல் கண்ணாடித் தரையிலேயே நிறுத்துங்கள். இரண்டுமே மணலைத் தோண்டும், பாறை சரியும். மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் விலாங்கு வெளியேறப் பார்க்கும். இரண்டும் பெருந்தீனிக்காரர்கள் என்பதால் நைட்ரேட் வேகமாக ஏறும். அது அயோடினைச் சுறாவின் உடலில் சேரவிடாமல் தடுத்துத் தொண்டையில் வீக்கத்தை உண்டாக்கும். நான் வாரந்தோறும் அதன் தாடையின் அடிப்பகுதியைப் பார்த்துவிடுவேன். விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு புதியவர்கள் அஞ்சுகிறார்கள்; அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

சுறா இப்போது 92 செ.மீ. வளர்ந்துவிட்டது. 120 செ.மீ. அகலத்தில் அது திரும்பும்போது மூக்கு கண்ணாடியில் உரசுவதைப் பார்க்க மனம் பொறுக்காமல், 4 மீட்டர் நீளத்தில் புதிய தொட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் முதலில் போகப்போவது ஜீப்ராவின் குழாய்தான். கடந்த ஓராண்டாகச் சுறா பகல் முழுவதும் அந்தக் குழாயை ஒட்டித்தான் படுக்கிறது. விலாங்கின் தலை பெரும்பாலும் அந்தத் தழும்புத் துடுப்பின் மேல்தான் கிடக்கிறது.